அரை விரல்கடைச் சாய்வு

நாச்சிமுத்துவின் பிக்கப் வண்டி நாளைக்கு ஏற்றப்போகிற பாரத்தை இன்றைக்கே சுமக்க ஆரம்பித்த சங்கதி, பள்ளக்காட்டுப் பிரிவில் முதன்முதலாகச் சென்னியப்பனுக்குத்தான் தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? சங்ககிரி ரோட்டில் ஸ்பிரிங் பட்டறை போட்டு, இருபத்திரண்டு வருஷமாக வண்டிகளின் முகத்தைப் பார்க்காமல் முதுகுப்புறத்தையே பார்த்து வயிறு வளர்த்தவன் அவன். எதிரே வருவது யார் வண்டி என்று கேட்டால் முழிப்பான்; அதே வண்டி தாண்டிப் போனதும், வலப்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கிறது, மூன்றாவது ஸ்பிரிங் பட்டை விட்டுப்போயிருக்கும் என்பான். பின்சக்கரத்துக்கும் மேலே நிற்கிற சரக்குத் தொட்டிக்கும் நடுவிலுள்ள சந்தில் விரல்களை அடுக்கி அளந்து அளந்து, மனிதர்களைக்கூட அவன் தோள் சாய்வை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறான் என்று அவன் மனைவி வசந்தாமணி சொல்லிச் சிரிப்பாள்.

“அண்ணா, பொறவால எடது பக்கம் எறங்குதுங்ணா. காலி வண்டிங்ணா, ஒரு தவுட்டு மூட்டைகூட இல்லீங்” என்று நாச்சிமுத்து வந்து நின்றது ஆடி மாதத்தில்.

சென்னியப்பன் குனிந்து விரல்களை வைத்துப் பார்த்தான். இடப்பக்கம் இரண்டு விரல்கடை தாழ்ந்திருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, போல்ட்டுகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த வளைந்த பட்டைகளைத் தனித்தனியே பிரித்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சாக்பீஸ் பூசி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தான்; மயிரிழை விரிசல் இல்லை. புஷ்ஷைப் பார்த்தான், டயர்க் காற்றைப் பார்த்தான், கடைசியாக இடப்பக்கத்துப் பட்டைக் கட்டை வலப்பக்கமும் வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாற்றிப் போட்டான். பட்டையில் கோளாறு இருந்தால் சாய்வும் பக்கம் மாற வேண்டும் அல்லவா? மாறவில்லை. வண்டி கல்லுளிமங்கன்போல இடப்பக்கமே சாய்ந்து நின்றது.

“என்னத்தையோ ஏத்தி வெச்சிருக்கறடா நாச்சி. நம்ம கண்ணுக்குத்தான் தெரியல” என்று அவன் சும்மா சொன்னான்.

சும்மா சொன்னது பலித்துவிட்டது. பருத்தி மண்டி ராயப்பன் விளையாட்டாகத் தன் எடைக்கற்களைக் கொண்டுவந்து வலப்பக்கம் அடுக்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை வண்டியின் பின்கதவில் குறுக்கே கட்டிப் பார்க்க, நூற்றைம்பது கிலோ ஏறியதும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றது. மறுநாள் காலையில் கல்யாணச் சமையல்காரர் ஒருவருக்கு நாச்சிமுத்து ஏற்றிப்போன பெரிய கிரைண்டர் சரியாக நூற்றைம்பது கிலோ இருந்தது. அதை ஏற்றியதும் வண்டி இறங்குவதற்குப் பதிலாக நிமிர்ந்து நின்றது, ஏனென்றால் அந்தப் பாரத்தை அது முந்தின நாளே சுமந்து முடித்துவிட்டது.

ஊர் இதற்காக வாயைப் பிளந்துகொண்டு நின்றதென்று நினைத்தால் பிரிவுக்காரர்களை உங்களுக்குத் தெரியாது. நான்கு நாள் ஆச்சரியப்பட்டார்கள், ஐந்தாம் நாள் அதை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டியைக் கழுவி மண்டி முன்னால் நிறுத்துவதும், ராயப்பன் கல் அடுக்குவதும், டீக்கடைப் பலகையில் வடை போண்டாவுக்குக் கீழே நாளைய பாரத்தை எழுதிப்போடுவதும் வழக்கமாயிற்று. நூற்றெண்பது கிலோ என்று வந்த அன்று, பெண் கொடுப்பதா வேண்டாமா என்று ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில், இது கட்டிலும் பீரோவும்தான் என்று முடிவுசெய்து அன்றைக்கே பாக்கு வெற்றிலை மாற்றினார்கள். அறுபத்தைந்து கிலோ வந்த அன்று, குளிர்சாதனப் பெட்டி வேண்டாம் என்று அடம்பிடித்த ஒருவர், “வண்டி சொமந்தே முடிச்சிருச்சு, இனி வாங்காத உட்டா வண்டிக்குப் பண்ற துரோகமுங்” என்று மனைவி சொன்னதற்கு மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டார்.

இப்படி இரண்டு மாதம் போயிற்று. புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டி அரை விரல்கடை மட்டும் சாய்ந்திருந்தது. சென்னியப்பன் கண்ணைத் தவிர வேறு கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. ராயப்பன் நாற்பது கிலோ வைத்தார், போதவில்லை. ஒரு கிலோ வைத்தார், போதவில்லை. அரைக் கிலோக் கல்லை வைத்ததும் குழாயில் தண்ணீர் அசையாமல் நின்றது.

“நாப்பத்தொண்ணரை” என்றார் ராயப்பன்.

“அரைக் கிலோக் கணக்குல எந்த மூட்டையும் வராதுங்களே” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அன்றைக்கு டீக்கடைக்காரர் பலகையில் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதற்கு அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியாஸ்பத்திரியில் இறந்துபோகிறவர்களைப் பிரிவுக்குக் கொண்டுவருவதும் நாச்சிமுத்துவின் வண்டிதான். அவன் அப்பன் காலத்திலிருந்து, இறந்தவரை இடப்பக்கம் கிடத்தி, உறவுக்காரர்கள் வலப்பக்கம் உட்கார்ந்து வருவார்கள். அதனால் உயிரோடிருக்கிற மனிதர் எவரும் அந்தத் தொட்டியின் இடப்பக்கம் உட்கார்ந்ததில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் பத்துப் பேர் ஏறினாலும் வலப்பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். மூட்டை அரைக் கிலோவில் முடியாது, மனித உடம்புதான் அப்படி முடியும். மனித உடம்பு இடப்பக்கம் ஏறுகிறதென்றால் அது எந்த நிலையில் ஏறும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சென்னியப்பன் வீட்டுக்குப் போனான். வசந்தாமணி நூல் மில்லில் பகல் ஷிப்ட் முடித்து வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முந்தின வாரம் மில்லில் மருத்துவ முகாம் நடத்திக் கொடுத்த அட்டை, நாட்காட்டி மாட்டியிருந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உயரம், ரத்தம், சர்க்கரை என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்த அவன் கண், எடை என்ற இடத்தில் நாற்பத்தொன்று புள்ளி ஐந்து என்று நீல மையில் எழுதியிருந்ததில் போய் நின்றது. பிள்ளை இல்லாத வீடு அது. அந்த வீட்டில் அவனுக்கு அவள், அவளுக்கு அவன், அவ்வளவுதான். அவள் தண்ணீர் பிடிக்க வெளியே போனபோது அட்டையை அடுப்பில் காட்டி எரித்துச் சாம்பலை வாஷ்பேசினில் கரைத்துவிட்டான்.

மறுநாள் புதன்கிழமை யாரும் சாகவில்லை. ஆனால் வண்டி நிமிரவும் இல்லை. மற்றப் பாரங்களை முன்கூட்டிக் காட்டுவதையே அது விட்டுவிட்டது; அன்றைய உரமூட்டைகள் ஏறி இறங்கிய பிறகும் அரை விரல்கடைச் சாய்வு அப்படியே இருந்தது. வியாழனும் இருந்தது, வெள்ளியும் இருந்தது. வருவது வந்து தொலைத்தால்கூட அழுது முடித்துவிடலாம். வராமல் வாசலில் நிற்பதைத்தான் தாங்க முடியாது.

ஊர் மண்டிக்கு ஓடியது. குழந்தைகுட்டியோடு வரிசையில் நின்று எடை போட்டுக்கொண்டார்கள். நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் இருந்த ஐந்து பேரும் அன்றைக்கே உளுந்தங்களியும் வேர்க்கடலையும் வாழைப்பழமுமாகத் தின்ன ஆரம்பித்தார்கள். முப்பத்தொன்பதில் இருந்தவர்கள் ஒரு கவளம் கூடுதலாக உண்ணப் பயந்தார்கள். நாற்பத்து நான்கில் இருந்தவர்கள் காய்ச்சல் வந்து இளைத்துவிடுமோ என்று பயந்து மழையில் கால் வைக்காமல் இருந்தார்கள். எழுபது கிலோக்காரர்கள் நன்றாகத் தூங்கியெழுந்து எல்லோருக்கும் புத்தி சொன்னார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

“உன்ற ஊட்டுக்காரம்மாளக் கூட்டிட்டு வரலியா சென்னியப்பா?” என்று ராயப்பன் கேட்டார்.

“மில்லுலயே போட்டாங்க. நாப்பத்தெட்டுங்” என்றான் சென்னியப்பன். வசந்தாமணி எப்போதும் கஞ்சி போட்டு விறைப்பாகச் சேலை கட்டுகிறவள், பார்வைக்கு நிறைவாகத் தெரிவாள், அதனால் ஊர் நம்பிற்று.

அன்று முதல் அவன் அவளுக்குச் சோறு போட ஆரம்பித்தான். காலையில் நெய் ஊற்றிய பொங்கல், மத்தியானம் ஈரல் வறுவல், சாயங்காலம் எள்ளுருண்டை. பக்கத்தில் உட்கார்ந்து கடைசிக் கவளம் இறங்கும்வரை அவள் தொண்டையையே பார்த்தான்.

“ஏனுங் மாமா, நோம்பிக்கு வளத்தற கெடாயாட்ட எதுக்கு எனக்குத் தீனி போடறீங்க?”

“எளச்சுட்டியே வசந்தா. அதுக்குத்தான்.”

ஒரு வாரத்தில் அவள் நாற்பத்திரண்டேகால் ஆனாள். பட்டறையில் பழைய இரும்பு நிறுக்கிற தராசில், மேல் பலகையில் இருக்கிற ஆணி டப்பாவை எடுத்துக்கொடு என்று ஏதோ சாக்குச் சொல்லி ஏறச்செய்து பார்த்துவிட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவன் சிரித்த சிரிப்பு சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும்தான் நின்றது. ஐந்து மணிக்கு ராயப்பன் கல் அடுக்கினார். நாற்பத்திரண்டு. அப்புறம் ஒரு கால் கிலோ.

“கூடுதுங்க” என்று நாச்சிமுத்து குழறினான். “யாரோ ஒருத்தரு ஒடம்பு கூடக் கூட இதுவுங் கூடுதுங்க. ஆளப் பாத்து வெச்சிருக்குது.”

அன்றிலிருந்து ஊரில் யாரும் மண்டிக்கு எடை போட வரவில்லை. தெரிந்துகொள்வதில் இனி ஒரு லாபமும் இல்லை என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. சென்னியப்பனுக்கு மட்டும் தெரிந்துகொள்ள மிச்சமில்லை. அவள் ஒருநாள் கொலுசைக் கழற்றிப் புளி போட்டு ஊறவைத்தாள், அன்றைக்கு வண்டியில் நூறு கிராம் குறைந்தது. மறுநாள் மாட்டிக்கொண்டாள், நூறு கிராம் ஏறியது. தன் வாயால் இதை யாரிடமும் சொல்லிவிட்டால் அது நிச்சயமாகிவிடும் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். வண்டி சாய்ந்தால்தானே சாவு; சாயாமல் செய்துவிட்டால்?

இடப்பக்கத்துப் பட்டைக் கட்டுக்குள் புதுப்பட்டை ஒன்றைச் சேர்த்தான். ஒரு மணி நேரம் வண்டி சமமாக நின்றது, பிறகு மெல்ல, தூக்கம் வருகிறவன் தலை தொங்குவதைப்போல, அரை விரல்கடை இறங்கியது. பட்டைகளைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வளைவைக் கூட்டினான், இறங்கியது. அடியில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்தினான், இறங்கியது. வலப்பக்கத்தைத் தாழ்த்திப் பார்த்தான். இடப்பக்கம் அதற்கும் கீழே அரை விரல்கடை போய் நின்றுகொண்டது. நாச்சிமுத்துவும் பொறுத்துப் பார்த்து, வயிற்றுப்பாடு நடக்க வேண்டுமே என்று, சமம் செய்கிற கற்களையும் தவிட்டு மூட்டையையும் வலப்பக்கமே நிரந்தரமாகக் கட்டிவைத்துக்கொண்டு வண்டி ஓட்டினான்; கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டி அதையும் மீறி மறுபடி அரை விரல்கடை இடப்பக்கம் சாய்ந்துவிடும்.

வண்டியைத் திருத்த முடியாதென்று ஆனதும் சென்னியப்பன் வீட்டைத் திருத்தத் தொடங்கினான். மெஷின் இழுத்துவிடும் என்று அவள் மில்லுக்குப் போவதை நிறுத்தினான். வெடித்துவிடும் என்று கேஸ் அடுப்பைத் தொடவிடாமல் தானே சமைத்தான். தலையில் விழுந்துவிடும் என்று மின்விசிறியைக் கழற்றி மூலையில் வைத்தான். வழுக்கும் என்று குளியலறையில் சாக்கு விரித்தான். அவள் தும்மினால் எழுந்து நின்றான். அவள் தூங்கினால் மூக்குக்கு நேரே கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பட்டறைக்குப் போகும்போது வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனான். ஊரில் எந்த நாயும் எந்த லாரியும் எந்தப் பாம்பும் அவளிடம் போக முடியாது என்று அந்தச் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வேலை செய்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து இருபதாம் நாள் காலையில் அவள் பொங்கல் தட்டைத் தள்ளிவைத்தாள்.

“எனக்குத் தெரியும் மாமா. அந்த அட்டைய நீங்க எரிக்கறதுக்கு முன்னாலயே மில்லுல சத்தமாப் படிச்சுத்தான் குடுத்தாங்க.”

“தெரிஞ்சுமா ஒண்ணுஞ் சொல்லாத இருந்தே?”

“எனக்கும் பயந்தானுங். மொத ரண்டு நாளு தூக்கமில்ல. அப்பறம் மில்லுல நூலு அந்துக்கிட்டே இருந்துச்சு, முடிஞ்சுக்கிட்டே இருந்தன். சாயங்காலம் பாத்தா, அன்னிக்கு முச்சூடும் அந்த நெனப்பே வல்ல. செத்தாச் செத்துட்டுப் போறன், அது வரைக்கும் நூலு முடியலாம்னு ஆயிருச்சு. நீங்க அதையும் நிறுத்திப்போட்டீங்க.”

“உன்ற நல்லதுக்குத்தான வசந்தா…”

“கேளுங்க. நான் சாகறதுக்குக்கோடப் பயப்படலீங். நீங்க என்னையப் பாக்கறீங்க பாருங்க, பொணத்தப் பாக்கறாப்பல. இருவது நாளா இந்த ஊட்டுல எனக்கு எழவு நடக்குது. என்னால தாங்க முடியல மாமா. தெறந்து உடுங்க.”

அவள் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. சென்னியப்பன் அவள் சொன்னதையெல்லாம் கேட்டான்; கேட்டுவிட்டு, புறங்கையை நீட்டி, காய்ச்சல் அடிக்கிறதா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

இருபத்து மூன்றாம் நாள், சங்ககிரியில் பழைய லாரிப் பட்டை ஒன்று இருக்கிறது, வெளிநாட்டு இரும்பு, எதற்கும் வளையாது என்று கேள்விப்பட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு மொபெட்டில் போனான். வாங்கிப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. புளியமரத்து வளைவு தாண்டி எதிரே ஒரு பிக்கப் வந்தது. வழக்கம்போல அவன் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. தாண்டிப் போனதும் மொபெட்டை நிறுத்தி, காலை ஊன்றித் திரும்பி, வழக்கம்போலப் பின்சக்கரங்களைப் பார்த்தான்.

நாச்சிமுத்துவின் வண்டி. சமமாகப் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கச் சந்தும் வலப்பக்கச் சந்தும் நூல் பிடித்ததுபோல ஒரே அளவு. அரை விரல்கடை இல்லை, மயிரிழை இல்லை. நெஞ்சில் இருபத்து மூன்று நாளாக உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று, நடுரோட்டில், “நிமுந்துருச்சு! ஐயோ, நிமுந்துருச்சு!” என்று கத்தினான், மொபெட்டின் ஹாரனை அழுத்தினான், வசந்தாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

அதற்கப்புறம்தான் கண்ணைச் சக்கரத்திலிருந்து மேலே உயர்த்தினான்.

தொட்டியின் இடப்பக்கத்தில், ஒரு சாக்கை மடித்துப் போட்டு, கஞ்சி போட்ட பச்சைச் சேலையில், ஒரு கையால் பக்கத் தகரத்தைப் பிடித்தபடி, பின்புறம் பார்த்து வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள். காற்றில் தலைமுடி முகத்தில் அடித்தது. ஒதுக்கிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். கையை ஆட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வண்டி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனாள்.

வீட்டில் பூட்டு பூட்டியபடி இருந்தது. கதவுதான் நிலையில் இல்லை. அவனுடைய பழைய ஸ்பேனரையும் திருப்புளியையும் வைத்துக் கீல்களை உள்பக்கமாகக் கழற்றி, கதவைச் சுவரில் பதமாகச் சாய்த்துவைத்துவிட்டு, திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தாள். எள்ளுருண்டை டப்பா மூடியபடி இருந்தது.

ஆறு மணிக்கு நாச்சிமுத்து திரும்பி வந்து மண்டி முன்னால் வண்டியை நிறுத்தியபோது ஊரே கூடியிருந்தது. “தாராபுரத்துல அவங்கண்ணன் ஊட்டுக்குங்ணா, சங்ககிரியில பஸ் ஏத்தி உட்டுட்டு வந்தனுங்” என்று அவன் சென்னியப்பனைத் தனியே இழுத்து மெதுவாகச் சொன்னான். “முன்னால எங்கம்மாளும் அத்தையும் இருந்தாங்க. வலப்பக்கம் பூராக் கல்லு. அக்கா, எடது பக்கம் செத்தவங்க பக்கமுங், ஏறாதீங்கன்னு சொன்னனுங்ணா. ‘உசுரோட இருக்கறவ உக்காந்தா உசுரோட இருக்கறவ பக்கமாயிட்டுப் போவுது’ன்னு ஏறிட்டாங்க. ஏறுன ஒடனே வண்டி நிமுந்துருச்சு. வர்றதுக்கு நாளாகும்னு சொல்லச் சொன்னாங்க.”

அதற்குள் ராயப்பன் கற்களையெல்லாம் இறக்கிக் குழாயைக் கட்டிப் பார்த்துவிட்டார். சைபர். கூட்டம் ஹோ என்று கத்தியது. யாரோ பட்டாசுச் சரத்தைக் கொளுத்தினார்கள். நாற்பத்திரண்டு கிலோக்காரர்கள் ஐந்து பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். சாவு தப்பிப் போயிற்று, யாரும் போகவில்லை, எல்லோரும் இருக்கிறோம் என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். சென்னியப்பனுக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அவள் தாராபுரத்தில் அண்ணன் வீட்டில் உயிரோடு, மூச்சு விட்டுக்கொண்டு, யாரும் மூக்குக்கு நேரே கை நீட்டாமல் உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்க நினைக்க நன்றாக இருந்தது, நன்றாக இருந்ததாலேயே தாங்க முடியாமல் இருந்தது. எந்த வண்டியில் அவள் தன் வீட்டை விட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தானோ அந்த வண்டியில் போய்விட்டாள், அனுப்பிவைத்தது தான்தான் என்பது அவனுக்குத் தெரிந்தது.

ராயப்பன் அவன் தோளில் துண்டைப் போட்டுக் கூட்டத்துக்கு நடுவே இழுத்துவந்தார்.

“எப்படிப்பா சரி பண்ணுனே? கடசீல எந்தப் பட்டையிலதான் கோளாறு?”

எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

“பட்டையில ஒண்ணுமில்லீங்க” என்றான் சென்னியப்பன்.